வரி வாங்காத வீடு

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரி. கடல் பார்ப்பதற்கென்று என்னை யாரும் ஊர்விட்டு ஊர் அனுப்ப வேண்டியதில்லை. ஆனாலும் இந்த ஆடியில் அனுப்பினார்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம். பெண்கள் கருவாடு காயப்போடட்டும் என்று ஒரு தொண்டு நிறுவனம் அங்கே சிமென்ட் களம் கட்டிக் கொடுத்திருந்தது. கட்டிய முதல் வாரத்துக்குப் பிறகு அதில் ஒரு நெத்திலிகூடக் காயவில்லையாம். இப்போது இன்னொரு களத்துக்கு ஏற்பாடு ஆகியிருக்கிறது. ஆனால் கூட்டம் போட்டால் பெண்கள் வருவதில்லை. வந்தாலும் வாயைத் திறப்பதில்லை.

"மக்கள் பங்கேற்பு சுத்தமா இல்லக்கா. என்ன காரணம்னு பாத்துட்டு வாங்க. நீங்களும் மீனவப் பெண், உங்ககிட்ட மனசுவிட்டுப் பேசுவாங்க" என்று போனில் சொன்னார் திட்ட அதிகாரி தினேஷ். கேளம்பாக்கத்தில் ஏழாவது மாடியில் குடியிருக்கிறவர். ஊரில் மீனவப் பெண்கள் சங்கம் நடத்திப் பழகியவள் நான். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது என்னவோ உண்மைதான்.

செங்கல்பட்டில் இறங்கியதும் பசி வயிற்றைக் கிள்ளியது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டலில் புட்டு இருக்கா என்று கேட்டுத் தொலைத்தேன். பரிமாறுகிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இட்லி வடகறி கீது, பூரி கீது. இன்னா வோணும்?" என்றார். ஒரே தமிழ்நாடுதான், ஒரே தமிழ்தான். ஆனாலும் பாஸ்போர்ட் இல்லாமல் வெளிநாட்டுக்கு வந்து இறங்கியது மாதிரி இருந்தது. வடகறி நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் தூங்கிப்போனேன். ராத்திரி ரயிலில் கண் மூடவில்லை. திருக்கழுக்குன்றத்தில் இறங்கி மாற வேண்டியவள், "கடைசி ஸ்டாப்பா போறீங்க?" என்று கண்டக்டர் தட்டி எழுப்பியபோது பதறி அடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். இறங்கிய இடம் அணுபுரம். அணுமின் நிலையத்து ஊழியர்கள் குடியிருக்கும் ஊர். வரிசை வரிசையாக வீடு, வீட்டுக்கு வீடு நம்பர், வழிநெடுக மர நிழல், தெருவில் ஒரு ஆள் இல்லை. இந்த ஊரில் யாரும் யாரையும் வேலைக்குக் கூப்பிட வேண்டியிருக்காது, எல்லாம் தானாக நடக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வெயிலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு நின்ற நேரத்தில் தினேஷையும் அவர் ஏழாவது மாடியையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தேன்.

குப்பத்தில் எனக்குச் செல்வி வீட்டில் தங்கல். செல்வியின் புருஷன் சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருக்கிறார். செல்விக்கு வாய் ஓயாது. மத்தியானமே சங்கரா மீன் குழம்பு வைத்து, "கொயம்பு எப்டி கீதுக்கா?" என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். தேங்காய் அரைக்காத மீன் குழம்பை நான் அதுவரை குழம்பு என்று ஒத்துக்கொண்டதில்லை. புளிப்பும் காரமும் மண்டைக்கு ஏறின. ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டேன். செல்விக்கு அதுவே பதிலாகிவிட்டது.

மறுநாள் காலையில் அந்தக் களத்தைப் பார்க்கப் போனேன். கங்கையம்மன் கோயிலை ஒட்டி, வாசலுக்கு நேர் எதிரே, அருமையாகக் கட்டியிருந்தார்கள். வழுவழுவென்று தரை, தண்ணீர் ஓட வாட்டம். அதன்மேல் பைக்குகள் நின்றன. ஒரு ஓரத்தில் கிழிந்த வலை குவிந்து கிடந்தது.

நாட்டார் ஏழுமலை என்னை வரவேற்றார். நாட்டார் என்றால் குப்பத்துப் பஞ்சாயத்துக்குத் தலைவர். அறுபதை நெருங்குகிற, நிதானமாகப் பேசுகிற மனிதர். கோயிலுக்கு எதிரே ஏன் கட்டினீர்கள் என்று கேட்டேன்.

"வேற எங்க கட்றது? இது கோயில் எடம். எவனும் எனக்கு உனக்குன்னு கேக்க மாட்டான். வேற எந்த எடத்துல கை வெச்சாலும் பங்காளி சண்டதான். ஊருக்குப் பொதுவா எது வந்தாலும் இங்கதான் கட்டுவோம்."

"கட்டினீங்க சரி. கருவாடு ஏன் காயல?"

அவர் தலையைச் சொறிந்தார். "மொத வாரம் போட்டாங்க. அப்பால கோயிலுக்கு வர்றவங்க பேஜாரு பண்ணாங்க, வாசல்ல கவுச்சி நாறுதுன்னு. நிறுத்திட்டோம்."

கட்டும்போது இது யாருக்கும் தோன்றவில்லையா என்றேன். தோன்றவில்லை என்று ஒளிவுமறைவில்லாமல் ஒத்துக்கொண்டார். தோன்றாதுதான். கூட்டத்தில் உட்கார்ந்து முடிவு செய்தவர்கள் அத்தனை பேரும் ஆம்பிளைகள். அதில் ஒருவர்கூட ஒரு நாளும் கருவாடு காயப்போட்டதில்லை.

இதைச் செல்வியிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆடி மாசம் அம்மனுக்கு இன்னா படைக்கிறோம் தெரியுமா? கூழும் கருவாட்டுக் கொயம்பும். அம்மனுக்கு நாறல, இவனுங்களுக்கு நாறுதாம்."

"இதைக் கூட்டத்துல சொல்ல வேண்டியதுதானே பிள்ளே?"

சிரிப்பு நின்றுவிட்டது. "எங்க வூட்டுக்காரரு தலைக்கட்டு. அவரு போறாரு. நான் இன்னாத்துக்கு?"

தலைக்கட்டு என்பதை விளக்கிவிடுகிறேன். இந்தக் குப்பத்தில் கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. திருவிழாவோ கோர்ட்டு வழக்கோ, ஊர் வரியைத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று போடுவார்கள். ஊர் வேலை என்றால் தலைக்கட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும், வராவிட்டால் தண்டம், அதாவது அபராதம். வரி கட்டுகிறவன் கூட்டத்தில் பேசலாம். எங்கள் ஊரிலும் கோயில் திருநாளுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. அதனால் எனக்கு இது புதுசாகத் தோன்றவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

பெண்கள் உண்மையில் கருவாடு காயப்போடுவது குப்பத்தின் தெற்கே, சவுக்குத் தோப்புப் பக்கம் ஒரு மேட்டில். பழைய வலையை மணலில் விரித்து அதன்மேல் நெத்திலியைப் பரப்புகிறார்கள். காற்று நன்றாக அடிக்கிறது. மணலும் சேர்ந்து அடிக்கிறது. மேட்டில் பாதியைச் சீமைக்கருவேல முள் பிடித்திருக்கிறது. அந்த முள்ளை வெட்டி அங்கேயே களம் கட்டினால் போதும், காரியம் முடிந்தது. இதைச் சொல்ல கேளம்பாக்கத்து ஆள் வேண்டாம், கன்னியாகுமரி ஆளும் வேண்டாம்.

அங்கேதான் கோவிந்தம்மாவைப் பார்த்தேன். ஐம்பது வயசு இருக்கும். ஒல்லியான உடம்பு, உரத்த குரல். புருஷன் மாரி கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. ஒரே மகள். கட்டிக் கொடுத்து, கேளம்பாக்கத்தில் இருக்கிறாள். "களம் இங்க வரணும்னு மூணு வருசமா சொல்லிகினு கீறேன். யாரு காதுல வாங்கறாங்க?" என்றாள் என் முகத்தைப் பார்க்காமலே.

அன்று சாயங்காலம் திருவிழா வரி வசூல். செல்வி வீட்டு வாசலில் நான் உட்கார்ந்திருந்தேன். நாட்டாரும் இன்னொருவரும் வீடு வீடாக நின்று வாங்கிக்கொண்டு வந்தார்கள்.  செல்வி வீட்டுக்கு முந்தின வீடு கோவிந்தம்மாவுடையது. அவள் குளித்து, தலை முடிந்து, முந்தானையில் எதையோ முடிச்சுப் போட்டுப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். "இன்னா மாரி சம்சாரம், சாப்ட்டியா?" என்று அன்பாகக் கேட்டுவிட்டு, நாட்டார் அவளைத் தாண்டிச் செல்வி வீட்டுக்கு வந்து வரி வாங்கினார். கோவிந்தம்மா முந்தானை முடிச்சை அவிழ்க்கவே இல்லை. பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் அவள் கருவாட்டுக் கூடையோடு மாமல்லபுரத்துக்குக் கிளம்பியபோது நானும் ஒட்டிக்கொண்டேன். முதலில் வந்த ஷேர் ஆட்டோக்காரன் கூடையைப் பார்த்ததும் மூக்கைப் பிடித்தான். "வாசனக்கார அம்மா, சீட்டு இல்ல." உள்ளே மூன்று பேர் உட்கார இடம் இருந்தது. எனக்குச் சுள்ளென்று ஏறியது. நான் சண்டைக்குப் போக, கோவிந்தம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "வுடுக்கா. அவன் மூக்கு, அவன் வண்டி." அடுத்த ஆட்டோக்காரர் மறுபேச்சில்லாமல் கூடையை வாங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டார். "எங்க வூட்ல இன்னிக்கு இதான் கொயம்பு" என்றார்.

மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்கள் கல் யானையைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வழக்கமான வீடுகளுக்கும் ரெண்டு மூன்று மெஸ்களுக்கும் கருவாடு போட்டு முடித்துவிட்டு, ஒரு கடையில் டீ குடித்தோம். அங்கேதான் கோவிந்தம்மா பேசினாள்.

"மாரி செத்த வருசம் நாட்டாரு வந்து, இனிமே உனக்கு வரி வேணாம், ஊரு சலுக குடுக்குதுன்னாரு. நானும் அழுதுகினே கையெடுத்துக் கும்பிட்டேன். அப்பால ஒரு கூட்டத்துல களத்தப் பத்திப் பேசப் போனேன். வரி கட்டாதவங்க பேசக்கூடாதுன்னாங்க. சரி வாங்கிக்குங்கன்னேன். தாலி அறுத்தவளாண்ட எப்டிம்மா கை நீட்டுறதுன்னாங்க. பாவம் பாத்துப் பாத்தே என்னை ஊருல இல்லாம பண்ணிட்டாங்கக்கா."

எனக்குச் சொல்ல ஒன்று கிடைத்தது. எங்கள் ஊர்ப் பெருமை. "எங்க ஊர்ல அப்படி விட மாட்டோம். புருஷன் இல்லாதவங்களுக்கும் அரை வரி உண்டு."

கோவிந்தம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "அரை வரின்னா? அரை வார்த்த பேசலாமா?"

கேலி இல்லை அது, நிஜமாகவே கேட்டாள். நான் யோசித்துப் பார்த்தேன். எங்கள் ஊர்க் கூட்டத்தில் அரை வரிக்காரி யாராவது எழுந்து பேசியதை என் ஞாபகத்தில் தேடிக்கொண்டே இருந்தேன். டீ ஆறிப்போனது.

"பொண்ணு வந்துடும்மான்னு கூப்ட்டுகினே கீறா" என்றாள் பிறகு. "அங்க போனா நான் பொண்ணு வூட்டு கெய்வி. பேரப்புள்ளய பாத்துகினு, டிவி பாத்துகினு கெடக்கலாம். இது என் ஊருன்னு நெனச்சிகினு இருந்தேன். இந்த ஆடிக்கும் தாண்டிப் போனா வூட்டப் பூட்டிட்டுப் போயிடறதுன்னு முடிவு பண்ணி வெச்சிருந்தேன். நேத்து தாண்டிட்டாங்க. நீயே பாத்தல்ல?"

பார்த்தேன்.  திரும்பும்போது காலிக் கூடையை நான் தூக்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் கோயில் கொட்டகையில் கூட்டம். நான் செல்வியைத் தொல்லை பண்ணி, செல்வி மற்றவர்களைத் தொல்லை பண்ணி, பெண்கள் வந்துவிட்டார்கள். வந்தார்களே தவிர, கொட்டகைக்குள் வரவில்லை. வெளியே ஏற்றி வைத்திருந்த படகுகளுக்குப் பின்னால் நின்றார்கள். உள்ளே வாங்க என்று நான் கூப்பிட்டதற்கு ஒரு தலைகூட அசையவில்லை. கோவிந்தம்மா மட்டும் கொட்டகைக் கால் வரைக்கும் வந்து நின்றாள்.

"புதுக் களம் எங்க வரணும்?" என்று கேட்டேன்.

"சவுக்குத் தோப்பு மேட்ல" என்றாள் கோவிந்தம்மா.

"ஊருக்குள்ள பேசறதுக்குத் தலைக்கட்டு கீது. நீ இரும்மா" என்றார் ஒருவர். அதட்டலே இல்லை, வாஞ்சையாகத்தான் சொன்னார்.  உடனே நான் எழுந்து, சவுக்குத் தோப்பு மேட்டில் ஏன் வர வேண்டும், கோயில் எதிரில் ஏன் கூடாது என்று அடுக்கிக்கொண்டு போனேன். எல்லாம் கோவிந்தம்மா எனக்குச் சொன்னது. எல்லாரும் அமைதியாகக் கேட்டார்கள்.

"அக்கா சொல்றது ஞாயம்தான்" என்றார் நாட்டார். "மேட்லயே கட்டலாம். பங்காளிங்க நாம பேசித் தீத்துக்கலாம். தலைக்கட்டுக்கு ஒரு ஆளு நாளக்கிக் காலைல முள்ளு வெட்ட வரணும். வராதவனுக்குத் தண்டம்."

முடிந்துவிட்டது. மூன்று வருஷம் நடக்காதது ஒரு சாயங்காலத்தில் நடந்துவிட்டது. தினேஷுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "சூப்பர்க்கா! பங்கேற்பு வந்துடுச்சு பாத்தீங்களா" என்றார். நானும் ஒரு நிமிஷம் பெருமைப்பட்டுக்கொண்டுதான் திரும்பினேன். கோவிந்தம்மா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"நீ சொன்ன, கேட்டாங்க" என்றாள். "அதையேதான் நானும் சொன்னேன். நீ நாளன்னிக்கி ரயிலேறிப் போயிடுவ."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவளுக்கு உதவி செய்கிறேன் என்று அவள் வார்த்தையை நான் எடுத்துக்கொண்டேன். ஊர் சலுகை கொடுத்த மாதிரியே நானும் கொடுத்துவிட்டேன். மன்னிச்சிரு கோவிந்தம்மா என்றேன். அவள் வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள். இருட்டுவதற்குள் அவள் வீட்டில் பாத்திரம் பண்டங்களை மூட்டை கட்டுகிற சத்தம் கேட்டது. செல்வியும் கேட்டாள். அன்றைக்குச் செல்வி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குச் சோறு போடும்போதுகூடப் பேசவில்லை.

காலையில் சவுக்குத் தோப்பு மேட்டுக்கு எல்லாரும் வந்தார்கள். ஆம்பிளைகள் பாதிப் பேர் கடலுக்குப் போயிருந்ததால் அந்த வீடுகளுக்குப் பெண்களே அரிவாளும் மண்வெட்டியும் கூடையுமாக நின்றார்கள். கடைசியில் கோவிந்தம்மா நின்றாள். நான் அவளை எதிர்பார்க்கவில்லை. கையில் மண்வெட்டி.

நாட்டார் தெரு வரிசைப்படி தலைக்கட்டுப் பேர் கூப்பிட்டார். எல்லாம் மனப்பாடம் அவருக்கு. ஆள் வந்த வீட்டிலிருந்து குரல் வரும்.

"சேகரு."

"கீறேன்" என்றாள் சேகரின் பொண்டாட்டி.

"முருகேசன்."

"கீறேன்" என்றாள் முருகேசனின் அம்மா. புருஷன் பேருக்கும் மகன் பேருக்கும் பெண்கள் குரல் கொடுத்துக்கொண்டே போனார்கள். நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். செல்வியின் புருஷன் பேர் வந்தது. "தாமோதரன்."

பதில் இல்லை. செல்வி கூடையை எடுத்துக் கீழே வைத்தாள்.

"தாமோதரன் வூட்லேர்ந்து யாரு? செல்வி, நீதான நிக்கிற?"

"எங்க வூட்டுக்கு முன்ன ஒரு வூடு கீதே அண்ணாத்த. அத வுட்டுட்டு எங்க வூட்டுக்கு வந்துட்ட?"

நாட்டாருக்குப் புரிந்தது. கோவிந்தம்மாவைப் பார்த்தார். "அதுக்கு வேல கெடயாது. சலுக கீது. நீ வூட்டுக்குப் போம்மா மாரி சம்சாரம், வெயில்ல நிக்காத."

"அவள முதல்ல கூப்டு" என்றாள் செல்வி. "அப்பால எங்க வூட்டுக்காரர் பேர கூப்டு. அதுவரைக்கும் நான் கை வைக்க மாட்டேன்."

சேகரின் பொண்டாட்டி அரிவாளைத் தரையில் போட்டாள். ஒவ்வொன்றாகக் கூடைகளும் மண்வெட்டிகளும் மணலில் இறங்கின. யாரும் கூச்சல் போடவில்லை. வந்திருந்த ஆம்பிளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். என் வாயில் வார்த்தை வந்து முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"எந்தப் பேரச் சொல்லிக் கூப்புடறது?" நாட்டார் நிஜமாகவே திணறினார். "மாரி போய்ச் சேந்துட்டான். செத்தவன் பேரக் கூப்புடச் சொல்றீங்களா? மருமவன் இந்த ஊரே கெடயாது."

"எனக்குன்னு ஒரு பேரு கீது அண்ணாத்த" என்றாள் கோவிந்தம்மா. உரத்த குரல்காரிக்குக் குரலே எழும்பவில்லை.

நாட்டார் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கடலைப் பார்த்தார், அங்கேயிருந்து யாராவது வந்து காப்பாற்றுவார்கள் என்பது மாதிரி. தொண்டையைக் கனைத்தார்.

"கோவிந்தம்மா."

"கீறேன்."

அவ்வளவுதான். நாட்டார் விறைப்பாக நின்று, எல்லாருக்கும் சொல்கிற அதே வார்த்தையை அவளுக்கும் சொன்னார். "சாயங்காலம் வரி வாங்க வருவேன். நாளைக்கும் வேலைக்கு வரணும். வரலன்னா தண்டம் கீது, தெரியும்ல?"

கோவிந்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போடு அண்ணாத்த" என்றாள். "வரலன்னா எனக்கும் தண்டம் போடு."

பிறகு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மற்றவர்களுக்கு முன்னால் முள்ளுக்குள் இறங்கினாள்.